நேரில் போய்ச் சொல்ல

டிசம்பர் 31 அன்று சென்னை முழுதும் கிழக்கே நகரும். மெரினா, சாந்தோம், பெசன்ட் நகர் என்று மாலையிலிருந்தே வண்டிகள் கடலைப் பார்த்துத் திரும்பிவிடும். போன ஆண்டின் கடைசி நாளில் நான் மேற்கே கிளம்பினேன். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர். விடிகாலையில் தொடங்கி நள்ளிரவுக்குள் சுற்றி வந்துவிடலாம் என்று கணக்கு.

காரணம் இருந்தது. இந்த நகரம் குடிக்கும் தண்ணீரில் கணிசமான பங்கு அந்தப் பக்கத்து ஏரிகளில் தேங்கி வருகிறது. நான் பள்ளிக்கூடம் போன சைக்கிள் அம்பத்தூரில் செய்தது. அந்த சைக்கிளை வாங்கிய பணம் அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா லேத்தில் நின்று சம்பாதித்தது. ஆண்டு முடியும்போது கைப்பேசியில் நூறு பேருக்கு ஒரே தட்டலில் நன்றி அனுப்ப முடிகிறது. எனக்கு அது போதவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தால் அம்மா அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டாள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாமல், தானே எடுத்துக்கொண்டு போவாள். நன்றி என்றால் போய் நிற்க வேண்டும் என்பது அவளிடம் கற்றது.

பூந்தமல்லியில் இறங்கியபோது இன்னும் இருட்டு விலகவில்லை. கரையான்சாவடியிலிருந்தே மெட்ரோ பாதை தலைக்கு மேலே கூட வந்தது. கீழே, வரதராஜப் பெருமாள் கோயில் தெருவில், மார்கழிக் கோலங்கள் ஈரமாக இருந்தன. சில வாசல்களில் சாண உருண்டையில் பூசணிப்பூ செருகியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் திருப்பாவை. பூக்கடைப் பெண்கள் மடியில் நார் வைத்துக்கொண்டு, கண் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊர் ஒரு பூக்காரரின் ஊர். திருக்கச்சி நம்பி இங்கே பிறந்தவர் என்பது வைணவ மரபு. இங்கே நந்தவனம் வைத்து, பூப் பறித்து, மாலை கட்டி, காஞ்சிபுரத்து வரதனுக்கு எடுத்துப்போனவர். பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். போனவர் பூவைக் கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை, நின்று விசிறினார். ஆலவட்டக் கைங்கரியம் என்று அதற்குப் பெயர். அந்தணர் குலத்தில் அவர் பிறக்கவில்லை. ஆனாலும் ராமானுஜர் அவரைக் குருவாகக் கருதினார். தமக்கிருந்த சந்தேகங்களை வரதனிடம் கேட்டுச் சொல்லும்படி அவரிடம்தான் விண்ணப்பித்தார். வரதன் நம்பி மூலமாகச் சொன்னதாக ஆறு வார்த்தைகளை வைணவர்கள் இன்றும் போற்றுகிறார்கள். அவற்றில் ஒன்று: சரணடைந்தவனுக்குக் கடைசி நேரத்து நினைவு கட்டாயமில்லை.

ஆண்டின் கடைசி நாளில், நம்பியின் சந்நிதிக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் நினைவில் ஓடியது. உயிர் பிரியும் நேரத்தில் நினைவு தப்பிப்போனவனையும் வரதன் கைவிடமாட்டான் என்பது அதன் பொருள். எனக்கு அது இன்னொன்றும் சொல்லிற்று. தினமும் விசிறியவனிடம் கடைசி நாள் கணக்கு யாரும் கேட்பதில்லை. வருடத்தில் ஒரு நாள் பட்டியல் போட்டு நன்றி சொல்பவன் நான். நம்பி தினமும் கையை அசைத்தவர். ஒரு முழம் கதம்பம் வாங்கிக் கொடுத்தேன். அர்ச்சகர் தொன்னையில் வெண்பொங்கல் தந்தார், கை பொறுக்காத சூடு.

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அவர்களுக்குப் பயிற்சி தரும் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இந்த ஊரில்தான். விடுமுறை நாள் என்பதால் நான் வெளியே நின்று பார்த்ததோடு சரி. வெள்ளைக்கோல் பிடித்த ஓர் இளைஞர் சாலை கடக்க நின்றார். கைகொடுக்கப் போனேன். “வேணாம் சார், பஸ் வருதான்னு மட்டும் சொல்லுங்க” என்றார். சொன்னேன். கோலைத் தரையில் இரண்டு முறை தட்டிவிட்டு, நேர்க்கோட்டில் கடந்து போனார். எவ்வளவு உதவி தேவை என்பதைப் பெறுபவரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அன்று மாலை இன்னொரு பார்வையற்றவரின் கதை நடந்த ஊருக்கு நான் போக வேண்டியிருந்தது. அதுவரை இவர் முகம் கூடவே வந்தது.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம். வடகிழக்குப் பருவமழை முடியும் தறுவாயில் இந்தக் கரையில் நிற்பவருக்கு ஒரு நிறைவு வரும். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. 2007 முதல் இங்கேயே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இயங்குகிறது. அசோக் நகரிலோ வளசரவாக்கத்திலோ குழாயைத் திறப்பவருக்கு இந்தக் கரையின் காற்று தெரியாது. அன்று அந்தக் காற்று என் சட்டையைப் பிடித்து இழுத்தது. அலை கரைக்கல்லில் மோதித் துளி முகத்தில் தெறித்தது.

இதே ஏரியின் பெயரைச் சொன்னால் சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் முகம் மாறும் வீடுகள் உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு இங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற கேள்வி இன்றும் ஆறவில்லை, ஆறவும் கூடாது. அந்த வெள்ளத்தில் உயிர் போன வீடுகளுக்குப் பதில் வேண்டும். அதைச் சொல்லிக்கொண்டே, மழை இரவுகளில் குடை பிடித்துக்கொண்டு மணிக்கொரு தரம் அளவுகோலைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் கடைநிலை ஊழியரை நான் வணங்குவேன். முடிவெடுக்கும் நாற்காலி அவருடையதில்லை. நீர் ஓர் அங்குலம் ஏறினால் முதலில் தெரிவது அவருக்குத்தான். மதகுப் பக்கம் காக்கிச் சட்டையில் ஒருவர் இருந்தார். “உங்களுக்கு இன்னிக்கு லீவு இல்லையா?” என்றேன். “தண்ணிக்கு லீவு உண்டா சார்?” என்றார். புத்தாண்டு வாழ்த்துச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு கைகுலுக்கினார்.

பூந்தமல்லி திரும்பி, ஆவடி பஸ். சென்னீர்க்குப்பம், காடுவெட்டி தாண்டிக் கூவத்தைக் கடந்து, பருத்திப்பட்டு. இந்தப் பருத்திப்பட்டு ஏரியைச் சாக்கடையாகப் பார்த்தவர்கள் இப்போது போய்ப் பார்க்க வேண்டும். சீரமைத்து, நடைபாதை போட்டு, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். ஏரிக்குள் விட்ட மண் திட்டுகளில் மரம் வளர்ந்து, கூழைக்கடாக்கள் வந்து உட்கார்ந்திருந்தன. சீரழிந்த ஏரி திரும்பும் என்பதற்கு ஆவடிக்காரர்கள் கையில் ஓர் அத்தாட்சி இருக்கிறது. மற்ற ஏரிகளுக்காக அவர்கள் உரக்கக் கேட்கலாம்.

ஆவடியை நான் நெடுநேரம் சுற்றவில்லை. பெரும்பகுதி மதிலுக்கு உள்ளே இருக்கும் ஊர் அது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கேதான் கூடியது. யு.என். தேபர் தலைவர், காமராஜர் முதலமைச்சர். சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் ஆவடியின் பெயரோடுதான் வரலாற்றில் நிற்கிறது. ஆறு ஆண்டு கழித்து, 1961-ல், கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. விஜயந்தா டாங்கி இங்கே உருவாகி 1971 போருக்குப் போனது. பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். பக்கத்திலேயே ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலை. டாங்கியைக் குடியரசு தின அணிவகுப்பில் பார்த்துக் கைதட்டுகிறோம். சட்டையில் பொத்தான் துளைக்குக் கரை தைத்தவரை நினைப்பவர் குறைவு. ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் அப்படி ஒருவர், பணி ஓய்வு பெற்ற டெய்லர், மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தபடி சொன்னார்: “எங்கியோ பனியில நிக்கிற பையன் போட்டுக்கிற துணி. தையல் பிரிஞ்சா அங்க யாரு தைச்சுக் கொடுப்பா? அதனால ரெண்டு ஓட்டு ஓட்டிடுவோம்.” அந்த இரண்டாவது ஓட்டு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இந்த ரயில் பாதையும் சாதாரணமானதில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போனது இந்த வழியாகத்தான். நான் ஏறிய லோக்கல் அரைகுறைக் கூட்டத்தோடு கிளம்பியது. அண்ணனூர், அடுத்தது திருமுல்லைவாயில்.

மாசிலாமணீஸ்வரர் கோயில் நடை திறக்க நான்கு மணி ஆகும் என்றார்கள். வெளியே தென்னை நிழலில் உட்கார்ந்தேன். தொண்டைமான் யானை மேல் வருகிறான், முல்லைக்கொடி யானையின் காலில் சுற்றிக்கொள்கிறது, வாளால் வெட்டுகிறான், கொடிக்கு அடியில் இருந்த லிங்கத்தில் வெட்டு விழுகிறது. இது தலபுராணம். அந்தக் காயத்துக்காக ஆண்டு முழுதும் இறைவனுக்குச் சந்தனக்காப்பு. நந்தி இங்கே வழக்கம்போல் சிவனைப் பார்த்திராமல் வெளியே பார்த்துத் திரும்பியிருக்கும். குறும்பரோடு போரிட்ட தொண்டைமானுக்குத் துணை போகச் சொல்லி அனுப்பப்பட்டதாம். கருவறைக்கு முன்னால் வெள்ளெருக்கத் தூண்கள் இரண்டு.

எனக்கு இந்தக் கோயிலில் பெரியது தேவாரம் பாடிய சுந்தரரின் வருகை. பிரியமாட்டேன் என்று திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. அந்த நிலையில் அவர் வழி விசாரித்து வந்து நின்ற தலம் இது. இங்கே கண் கிடைக்கவில்லை. அடுத்து திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. அந்தத் திருவெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை வேறிடத்தில் எழுப்பியிருக்கிறார்கள். காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறுகண். ஆக, முல்லைவாயிலில் அவர் பாடியது முழு இருட்டில். துயரைக் களை என்று பாட்டுக்குப் பாட்டு மன்றாடுகிறார். அந்த மன்றாட்டுக்கு நடுவிலேயே, தொண்டைமானுக்கு இறைவன் முன்பு செய்த நன்மையை எடுத்துச் சொல்கிறார். தன் கண் போன நேரத்தில் இன்னொருவனுக்குக் கிடைத்ததை நினைவில் வைத்துப் பாட ஒரு மனம் வேண்டும். வருடம் நன்றாகப் போனவர்கள் நன்றி சொல்வது இயல்பு. அந்த வருடம் வீட்டில் ஒரு நாற்காலி காலியானவர்களை நான் நினைத்தேன். அவர்களிடம் போய் நன்றியோடு இரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. சுந்தரர் சொல்லலாம், அவர் கோல்கூட இல்லாமல் வந்தவர். நடை திறந்தது. சந்தன மணம் வாசலுக்கே வந்தது.

பொழுது சாயும்போது பட்டரவாக்கத்தில் இறங்கினேன். எஸ்டேட்டுக்குப் போகிறவர்களின் ஸ்டேஷன் இது. ஷிஃப்ட் விட்ட கூட்டம் எதிரே ஏறி வந்தது. தோளில் பை, கையில் டிபன் கேரியர், சிலர் கையில் சப்ளையர் கம்பெனி கொடுத்த புது வருடக் காலண்டர் சுருள். தமிழோடு ஒடியாவும் இந்தியும் கலந்து கேட்டன.

1960-களில் இந்தத் தொழிற்பேட்டை உருவானபோது மாநிலத் தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன். 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அதற்கு முன்பே அம்பத்தூரில் இருந்தது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா எல்லாம் அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தன. பெரிய கம்பெனிகளுக்கு வேண்டிய சின்னச் சின்னப் பாகங்களைக் கடைந்து கொடுக்கச் சுற்றிலும் பட்டறைகள் முளைத்தன. ஒரு லாரி நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கு, இங்கே யாரோ ஒருவர் மைக்ரோமீட்டரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்ததும் ஒரு காரணம். அப்பா அப்படிப் பார்த்தவர். அவரோடு பக்கத்து லேத்தில் நின்றவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்தார். எழுபது தாண்டியும் ஷட்டரைத் தானே தூக்குகிறார்.

“வாப்பா, அம்மா எப்படி இருக்கு?” என்று கேட்டபடியே லேத்தை நிறுத்தினார். இரும்புச் சுருள் தரையில் நீலமாக மின்னியது. கூலன்ட் வாசனை, அப்பா வீட்டுக்கு வரும்போது கூட வந்த அதே வாசனை. அப்பாவுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும், அவர் கை நசுங்கி வீட்டிலிருந்த மாதங்களில் தன் ஓவர்டைம் பணத்தை அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்ததும் இவர்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவர் கைத்துணியால் லேத் படுக்கையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். “உங்கப்பனும் எனக்குச் செஞ்சிருக்கான்ல” என்றார். பிறகு, தரையிலிருந்து இடுப்பளவில் சுவரில் தெரிந்த ஒரு பழுப்புக் கோட்டைக் காட்டினார்.

2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல் மழை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிகைநீர் கொரட்டூர் ஏரிக்குப் போக வேண்டும்; போகும் வழி குறுகிவிட்டது. எஸ்டேட் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது.

“லேத்துக்கு மோட்டார் அடியில, கால் பெட்டிக்குள்ள இருக்கும். அதான் மொதல்ல முழுகிச்சு” என்றார் மாமா. “மெஷினு தண்ணில நிக்கும்போதுகூடப் பரவால்ல. தண்ணி வடிஞ்ச அப்புறம்தான் ஆபத்து. காத்து பட்ட உடனே துரு ஏறிடும். பெட்டு, ஸ்லைடு எல்லாத்தையும் டீசல் போட்டுத் தொடச்சு ஆயில் பூசணும். பசங்க வீட்டுலயே முட்டி அளவு தண்ணி. ஆனா நான் கூப்பிடறதுக்கு முன்னாடி வந்து நின்னானுங்க.”

மோட்டார்கள்தான் கவலை. மின்காப்பை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்தால் எல்லாமே பூஜ்யம். தெருக்கோடியில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் பாய், தன் கடையும் முழுகிய நிலையில், அடுத்த தெருவில் மேடான ஒரு திண்ணையைக் கேட்டு வாங்கி வேலையைத் தொடங்கியிருக்கிறார். காயவைத்தால் பிழைக்கும் மோட்டாருக்குள் இருநூறு வாட் பல்பை எரியவிட்டு ராத்திரி முழுக்கக் காயவைத்தார். பிழைக்காததைப் பிரித்துப் புதுக் காயில் கட்டினார். மாமாவிடம் செம்புக் கம்பிக்கு ஆன விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். கூலி வாங்கவில்லை.

“இன்னிக்கு ராத்திரி சர்ச்சுக்கு வா. சாப்பாடும் எங்க வீட்டுலதான்” என்றார் மாமா.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஆண்டிறுதி ஆராதனை ஒரு பெரிய வழக்கம். டிசம்பர் 31 இரவு பதினோரு மணி வாக்கில் கூடுவார்கள். போன வருடத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லிப் பழைய ஆண்டை முடித்து, பன்னிரண்டு மணிக்கு மணியடித்துப் புதிய ஆண்டைத் திறப்பார்கள். அம்பத்தூரில் நான் உட்கார்ந்த அந்தச் சின்ன ஆலயத்தில் பெண்கள் பக்கம் பட்டுப்புடவை, மல்லிகைப்பூ. வாசலில் காகித நட்சத்திரம், வைக்கோல் குடில். சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஒவ்வொருவராக எழுந்து, அந்த ஆண்டு நடந்த நன்மையைச் சபைக்கு முன்னால் சொன்னார்கள். மகளுக்கு நர்சிங் இடம் கிடைத்தது. டயாலிசிஸ் தடையில்லாமல் நடந்தது. ஒரு பெண் எழுந்து நின்று, “இந்த வருஷம் அவர் இல்லாமக் கடந்து வந்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சபை முழுதும் மெல்ல ஸ்தோத்திரம் சொல்லிற்று.

இந்த வழக்கத்தில் எனக்குப் பிடித்தது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதுதான். பத்துப் பேர் கேட்கச் சொன்ன நன்றிக்குப் பின்னாளில் கட்டுப்பட்டு நடக்க வேண்டியிருக்கும்.

மாமா எழுந்தார். 2023 வெள்ளம், மோட்டார், திண்ணை, இருநூறு வாட் பல்ப், வாங்காத கூலி என்று எனக்குச் சாயங்காலம் சொன்னதையே வரிசை மாறாமல் சொன்னார். “பெரியப்பா வருஷா வருஷம் இதையேதான் சொல்வாங்க” என்று பக்கத்திலிருந்த பையன் என் காதில் சொன்னான். சபை முழுதுக்கும் அது மனப்பாடம். ஆனாலும் எல்லோரும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். நடந்து முடிந்த உதவிக்கு நன்றியும் ஒரு முறை சொன்னால் தீர்ந்தது என்று நாமெல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். மாமாவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. லேத் இன்றும் ஓடுகிறது. அதனால் இன்றும் சொல்கிறார்.

மணி அடித்தது. கைகுலுக்கல், வாக்குத்தத்த வசன அட்டை, பிளம் கேக், டீ. வெளியே பட்டாசு. மாமா ஒரு கேக் பொட்டலத்தைத் தனியாக வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டார். “ஒரு எடம் போய்ட்டு வீட்டுக்குப் போலாம்” என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

எஸ்டேட் தெருவில் ஒரே ஒரு கடையில் விளக்கு எரிந்தது. உள்ளே தரையில் அமர்ந்து, பிரித்துப்போட்ட மோட்டாரின் காடிகளுக்குள் செம்புக் கம்பியை மூங்கில் சீவலால் தள்ளிக்கொண்டிருந்தார் பாய்.

“ஹேப்பி நியூ இயர், பாய்.”

“உங்களுக்கும்ணே. அந்த ஸ்டூல் மேல வைங்க, கையெல்லாம் வார்னிஷ்.”

“இந்நேரத்துக்கு என்ன வேலை?”

“அபார்ட்மென்ட் மோட்டாருண்ணே. சாயங்காலம் கருகிப்போச்சு. காலைல தண்ணி ஏத்தலன்னா நாப்பது வீடு திண்டாடும். பையன் ஊருக்குப் போய்ட்டான், ஒத்தக் கையில புடிக்கவும் முடியல, கட்டவும் முடியல.”

மாமா வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, மோட்டாரின் மறுமுனையைப் பிடித்தார். பாய் நூலை இழுத்து முதல் முடிச்சைப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, அந்த லைட்டை எடுத்து இந்தப் பக்கம் பிடிங்க.”